சொந்த சுபாவத்துக்கு ஒரு கைடு

உலகத்தில் ஓர் இனம் உண்டு. 'உங்கள் பெயர் என்ன?' என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினால்கூடப் பக்கத்து ஆளின் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதும். கேள்வி என்று ஒன்று இருந்தால் சரியான விடை என்று ஒன்று இருந்தே தீரும், அதை எவனோ பூட்டி வைத்திருக்கிறான், மோப்பம் பிடிப்பது நம் கடமை என்பது இவர்களின் வேதம். பள்ளிக்கூடம் இவர்களை எப்போதோ கைகழுவிவிட்டது. இவர்கள்தான் அதை விடுவதாக இல்லை.

இந்த இனத்தின் அசல் சரக்கு ஒன்று, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினொரு வருடமாக மூத்த மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'கைடு'. லைசென்ஸ் தேர்வா, பாதுகாப்புத் தேர்வா, எதற்கும் அவரிடம் விடை உண்டு. கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக்கூட மனப்பாடமாக ஒப்பிப்பார். அவருக்குக் கண்ணாடி தேவை என்பது ஊருக்கே தெரியும், அந்த டாக்டரைத் தவிர.

போன மாதம் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். நாற்காலி காலி. கைடின் மனைவி, "இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவருக்கும் ஆசைதான். கிரீஸ் படாத சட்டை போட்டுக்கொண்டு ஒரு நாளாவது வேலை பார்க்க வேண்டும் என்று பதினொரு வருடமாக ஏங்கியவர்.

நிர்வாகமோ, ஆளைப் போடும் முன் மெக்கானிக்குகள் பத்தொன்பது பேரின் சுபாவத்தையும் மனநிறைவையும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தது. ஆளுக்கு அறுபது கேள்விகள், ஒரு வாரம் அவகாசம். 'இதில் சரி, தவறு கிடையாது. மனதில் பட்டதை எழுதவும்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

கைடு அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சரி தவறு இல்லைன்னு எவன்டா இவ்வளவு கொட்டை எழுத்துல போடுவான்? விடையை ஒளிச்சு வச்சிருக்கிறவன்தான் போடுவான்."

அவ்வளவுதான். டீ நேரம் வகுப்பு நேரமாயிற்று. போட்டிக்கு நிற்கிறவர்களுக்கே ஏன் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்கிறீர்களா? தும்மலை அடக்கினாலும் அடக்கலாம், தெரிந்த விடையை அடக்க முடியாது.

'ஊமைக்கோட்டான்' என்று பெயரெடுத்த ஒரு மெக்கானிக் காகிதத்தோடு வந்தான். "கும்பல்ல இருக்கப் பிடிக்குமா, தனியா இருக்கப் பிடிக்குமான்னு கேட்டிருக்காங்கண்ணே. தனியான்னு போட்டுட்டேன்."

"அடப்பாவி! அழி, அழி. கும்பல்னு போடு."

"மனுஷங்க சகவாசமே வேண்டாம்னுதானேண்ணே லிஃப்ட் குழிக்குள்ள வேலைக்கு வந்தேன்?"

"அதை உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. பேப்பர்ல சொல்லாதே."

பிறகு எல்லாருக்கும் பொதுவாகப் பாடம் நடந்தது. "ஏழாவது கேள்வியும் முப்பத்தொண்ணாவதும் அண்ணன் தம்பி. ரெண்டும் ஒரே பேச்சு பேசணும். முன்னால நின்னு வழிநடத்துவியான்னு எங்க கேட்டாலும் ஆமாம். வேலை திருப்தியா இருக்கான்னு கேட்டா அஞ்சுக்கு நாலு. அஞ்சு போட்டா ஜால்ரா, மூணு போட்டா சோம்பேறி. எல்லாத்துக்கும் நாலு போட்டா நம்ப மாட்டாங்க, அதனால கழிப்பறைக்கு மட்டும் ஒண்ணு போடு."

அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக இருந்தது கழிப்பறை ஒன்றுதான். ஆனாலும் பத்தொன்பது பேரும் ஒன்று போட்டார்கள்.

முடிவு வந்த அன்று மனிதவள அதிகாரி அம்மாள் எல்லாரையும் கூட்டி, கண் கலங்காத குறையாகப் பேசினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு டீமைப் பார்த்ததில்லை. பத்தொன்பது பேருமே பிறவித் தலைவர்கள்! தன்னைத்தானே நடத்திக்கத் தெரிஞ்சவங்களுக்கு மேல ஒரு ஆளைப் போட்டு அவமானப்படுத்த நிர்வாகம் விரும்பலை. சூப்பர்வைசர் பதவியை எடுத்துட்டோம்."

கைதட்டல். வழிநடத்தும் கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் என்று எழுதிய பதினெட்டுப் பேரும் பத்தொன்பதாவது ஆளைப் பார்த்துத் தட்டினார்கள்.

"உங்க ஒரே குறையையும் தீர்த்துட்டோம். நாளையிலேருந்து கழிப்பறையை இடிச்சுக் கட்டறோம். மூணு மாசத்துக்குப் பக்கத்துக் கட்டடம், நாலாவது மாடி."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கைதட்டல் நின்றுவிட்டது.

கைடு வாய் திறந்து என்ன சொல்வார்? 'நான் எழுதியது பொய்' என்றா? அதைச் சொன்னால் மற்ற பதினெட்டும் சந்திக்கு வரும். பதினொரு வருட ஆசையை அவரே எல்லாரையும் 'ஆமாம்' போடவைத்துக் காலி செய்திருந்தார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து தயாராக உட்கார்ந்திருந்தார். மனைவி திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதவி கிடக்குது, விடுங்க. ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்க. இப்ப பாக்கற இந்த லிஃப்ட் வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா? பிடிக்கலைன்னா விட்டுடுங்க. எப்படியோ சமாளிச்சுக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கைடு அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் தலையாட்டினால் அவளுக்குத் திருப்தியாக இருக்கும் என்று ஒரு சின்னத் தடயம் தேடினார். கிடைக்கவில்லை. தனக்குள் தேடினார். அங்கேயும் ஒன்றும் இல்லை. பாவம், மனிதர் பயந்துபோனார்.

"நீ என்ன நினைக்கறே?" என்றார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்பார். அப்போது நீங்கள் சட்டென்று பதில் சொல்கிறீர்களா, இல்லை, "முதல்ல நீங்க சொல்லுங்க" என்கிறீர்களா என்று மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.