சாம்பிள் அண்ணன் பார்த்துவைத்த கச்சேரி

திருப்பூரில் சாம்பிள் அண்ணன் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாழ்கிறவர்கள். இது என் கருத்தல்ல, அவருடைய கருத்து. அதையும் அவர் முதலில் கால்வாசி சொல்லிப் பார்த்து, எங்கள் முகம் போகிற போக்கைக் கவனித்துவிட்டுத்தான் முழுசாகச் சொன்னார்.

பனியன் ஏற்றுமதியில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிற பையருக்கு முதலில் ஒரே ஒரு உருப்படி தைத்துக் காட்ட வேண்டும். அது சாம்பிள். அவர் தொட்டு, இழுத்து, முகர்ந்து, 'அப்ரூவ்டு' என்று சொன்ன பிறகுதான் லாரி லாரியாகத் தைப்போம். அது பல்க். எங்கள் கம்பெனியில் சாம்பிள் பிரிவுக்கு அண்ணன்தான் மாஸ்டர். மற்றவர்கள் இந்த விதியைக் கம்பெனி வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் அதை வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

மெஸ்ஸுக்குப் போனால் ஒரே ஒரு இட்லி கேட்பார். கண்ணை மூடி மென்று, "அப்ரூவ்டுங்க. இதே மாதிரி இன்னொரு நாலு" என்பார். நாலாவதில் ஏதோ தட்டுப்பட்டால் தீர்ந்தது.

"ஏனுங்க, இது வேற லாட்டுங்களே!"

"ஒரே ஈடுதானுங்க சாமி" என்று மெஸ்காரர் கையெடுத்துக் கும்பிடுவார்.

முடி வெட்டப் போனால் ஒரு பக்கக் கிருதாவை மட்டும் எடுக்கச் சொல்லி, வீட்டில் காட்டி ஓகே வாங்கி, திரும்பி வந்து மறு பக்கம் எடுப்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பாய் தலையணையோடு போவார். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதே டேஸ்ட்ல தொடர்ந்து கெடைக்குங்களா?" என்று கேட்டவர் அவர். கிடைக்கும் என்றார்கள். கல்யாணம் நடந்தது. மறுநாள் காலையில் வந்த காப்பி வேறு காப்பி.

இதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் மனைவி சரசு அக்கா சிரிக்காமல் சொல்வார்: "சாம்பிள் எங்கம்மா போட்டதுங்க. பல்க்குத்தான் நான் போடறது. ரிட்டனெல்லாம் எடுக்கறதில்லீங்க."

அண்ணனை வாழ்க்கை ஏமாற்றியது அந்த ஒரு முறைதான் என்று நினைத்திருந்தோம். இரண்டாவது முறை ஏமாற்றியபோது பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

செல்போனில் பாம்பு இரை தின்னும் விளையாட்டை எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த காலம். தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்த நான், அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, நம்ம பையர் யோஹான் பெங்களூர் வராருங்க. அங்கிருந்து மறுநாள் பிளைட்டாமா. பொழுதோட எங்கியாச்சும் நேர்ல உக்காந்து பாட்டுக் கேக்கோணும்னு ஆசைப்படறாருங்க. நான் பழனிக்கு மாலை போட்ருக்கறேன், இந்தச் சோலியெல்லாம் ஆகாது. நல்ல எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

"நானா சார்?"

"எதுத்த கம்பெனிக்காரங்களும் அவரைப் புடிக்கச் சுத்திக்கிட்டிருக்கறாங்க. குளிர்கால ஆர்டர் நமக்கா அவங்களுக்கான்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க." முதலாளி எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரோ அவ்வளவு ஆபத்து என்று பொருள். அன்று அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டார்.

எனக்குத் தெரிந்த பெங்களூர் என்பது ரயில்வே ஸ்டேஷனும் அதற்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாண்டும்தான். எனக்குத் தெரிந்த நேரடி இசை, எங்கள் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடிய அடிக்கும் மேளம். பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பெங்களூரில் பாட்டுப் பாடும் இடங்கள் என்று தேடினால் எல்லாப் படமும் இருட்டு. இருட்டுக்குள் ஒரு சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் யாரோ ஒருவர் வயிற்றுவலி வந்தவர்போல கித்தாரைக் கட்டிப்பிடித்துக் குனிந்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்கு போன் செய்தேன். "எல்லா எடமும் நல்லாத்தாம்ல இருக்கும். நான் போனதில்ல" என்றான்.

சாப்பாடு இறங்கவில்லை. நகம் தீர்ந்து பேனா மூடிக்கு வந்தேன். நான் பார்த்த இடத்தில் யோஹான் முகம் சுளிப்பதாகவும், எதிர்த்த கம்பெனிக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து பட்டாசு வெடிப்பதாகவும், நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுவதாகவும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலேயே கனவு வந்தது. தூங்காமலே வந்தது.

கட்டிங் டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த என்னை அண்ணன் பிடித்து நிறுத்தினார்.

"ஏந்தம்பி, பம்பரமாட்டச் சுத்தறீங்?"

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. வாழ்நாள் முழுக்க இட்லியிலும் கிருதாவிலும் வீணாகிக்கொண்டிருந்த ஒரு திறமைக்குக் கடைசியில் ஒரு பெரிய அழைப்பு வந்துவிட்ட பிரகாசம்.

"இதுக்கெதுக்குங்க பயம்? மொத நாளே போயி சாம்பிள் பாத்துப்போட்டு வந்தரலாம்."

"பாட்டுக்கு எப்படிண்ணே சாம்பிள் பார்ப்பிய?"

அவர் பையிலிருந்து ஒரு வெட்டுத் துணியை எடுத்தார். கைக்குட்டை அகலம், வெள்ளை, மெல்லிய பனியன் துணி. இரண்டு மூலையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "ஸ்பீக்கர் முன்னாடி புடிச்சா வண்டவாளம் தெரிஞ்சு போகுங்க."

யோஹான் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் பெங்களூரில் இருந்தோம். முதலில் போன இடம் ஒரு மாடி. படி ஏறும்போதே என் பல் ஆடியது. உள்ளே மேடையில் நாலு பேர் வாத்தியங்களைப் பழிவாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் யாரையும் பார்க்காமல், கற்பூரத் தட்டு ஏந்துகிறவர்போலத் துணியை ஏந்திக்கொண்டு நேராக ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றார். துணி ஒரு துள்ளுத் துள்ளி அவர் முகத்திலேயே அப்பிக்கொண்டது.

வாசலில் நின்ற மலை ஒன்று நகர்ந்து வந்து கேட்டது: "என்ன சார் பண்றீங்க?"

"செக்கிங்குங்க" என்றார் அண்ணன், துணிக்குள்ளிருந்து. பிறகு என் காதில், "ரிஜெக்ட்டுங்க தம்பி. பையருக்குக் காது போச்சுன்னா நாம சொல்ற ரேட்டு எப்புடிக் கேக்கும்?"

இரண்டாவது, ஒரு பெரிய ஓட்டல். கால் புதையும் கம்பளம். மூலையில் ஒருவர் பியானோவைத் தட்டி எழுப்பாமல் தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் துணியைப் பிடித்தார். அசையவில்லை. இன்னும் கிட்டே பிடித்தார். பியானோக்காரர் அதை வாங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, 'தேங்க்யூ' சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கெ வேண்டாமுங்க. பையர் தூங்கிப்போவாரு. அவரோட ஆர்டரும் தூங்கிப்போகும்." போகிற போக்கில் மேசைத் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "தையல் விட்டுருக்குது பாருங்க" என்று சர்வரிடம் நீட்டினார். சர்வர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எண்ணே, ஏதாவது ஒண்ணை ஓகே பண்ணுங்கண்ணே. படபடன்னு வருது. செத்துருவேன் போலுக்கு."

"பதறுனா நூல் அறுந்துபோகுமுங்க" என்று அவர் ஆட்டோவை நிறுத்தினார்.

மூன்றாவது இடத்தில் பெரிய மரங்கள், அடியில் மேசைகள், கிளைகளில் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு பெரியவர் சாக்ஸபோன் வாசித்தார். பக்கத்தில் ஒரு அம்மா தபேலா. அண்ணன் துணியைப் பிடித்தார். அது தூளிபோல மெல்ல முன்னால் போனது, பின்னால் வந்தது. அண்ணன் மூச்சுவிடாமல் நின்றார். நானும் நின்றேன்.

"அப்ரூவ்டு."

அதோடு விட்டிருந்தால் அவர் வேறு யாராகவோ இருந்திருப்பார். கத்தரியை எடுத்துத் துணியை இரண்டாக வெட்டினார். எங்கள் தொழிலில் அப்ரூவ் ஆன சாம்பிளில் ஒன்று பையரிடம் இருக்கும், ஒன்று கம்பெனியில் இருக்கும். நாளைக்கு யாரும் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. ஒரு பாதியை அந்த இடத்து மேனேஜர் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டுமுங்க. நாளைக்கு இதே ஆட்டம் ஆடோணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

மேனேஜர் தமிழர்தான். ஆனாலும் புரியவில்லை. "சரிங்க சார்" என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மட்டும் எனக்குப் பசித்தது.

மறுநாள் பொழுது சாய யோஹானோடு போய் இறங்கினோம். அவர் நெட்டையான மனிதர். எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, தையலில் குறை தேடுகிறவர்போலப் பார்ப்பார். நாங்கள் அனுப்பிய சாம்பிள்களில் முதல் முறையிலேயே அவர் ஓகே சொன்னது கிடையாது. நான் நாற்காலியில் உட்காருவதற்குள் "குட் சார்? குட்?" என்று கேட்டுவிட்டேன். மேடையில் அப்போது ஒருவர் மைக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வந்தார். கையில் அந்தப் பாதித் துணி. முகத்தில் துக்க வீட்டுக் களை.

"சார், சாக்ஸபோன்காரர் கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிட்டார். இன்னைக்கு ஸ்பெஷல் புரோகிராம். வர்ற கஸ்டமர்களே பாடுவாங்க."

அண்ணன் கண்ணில், கல்யாணமான மறுநாள் காலைக் காப்பி தெரிந்தது.

"பல்க்கு மாறிப்போச்சுங்க தம்பி" என்றார், ரொம்ப மெதுவாக.

கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். முதல் பையன் தாளத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போனான். இரண்டாவது பெண் பாட்டின் நடுவில் சிரிக்கத் தொடங்கி, சிரித்தே முடித்தாள். யோஹான் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் கழிப்பறை எந்தப் பக்கம், அதற்குப் பின்வாசல் உண்டா, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மைக் பிடித்த பையன் எங்கள் மேசையைக் கை காட்டினான்.

யோஹான் என் முதுகைத் தட்டினார். "யூ!"

எழுந்தேன். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டெல்லாம் தலையை விட்டு இறங்கிப் போய்விட்டன. அட்டைப் பெட்டிமேல் எழுதும் ஷிப்பிங் மார்க் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அதை எந்த ராகத்தில் பாடுவது என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

"நீங்க உக்காருங்க தம்பி." அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேடைக்கு நடந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். யோஹானைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவையும் ஒரே மூச்சில் இறக்கினார்.

"சார்! ஒன் லைன் சாம்பிள். யூ அப்ரூவ், தென் பல்க்."

தோட்டமே திரும்பியது. அண்ணன் ஒரு வரி பாடினார். தைப்பூசத்துக்கு அவர்கள் தெருக்காரர்கள் பழனிக்கு நடக்கும்போது பாடுகிற காவடிப் பாட்டு. குரல் நல்ல குரல் என்று சொன்னால் முருகனே கோபித்துக்கொள்வார். எண்ணெய் போடாத மெஷின் ஓடத் தொடங்குவதுபோல இருந்தது. ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பையரையே பார்த்தார்.

யோஹான் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு அவர் எழுந்து நின்று, ஆபீசில் சொல்வதுபோலவே சொன்னார்: "அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ். கமெண்ட்: லவுடர்."

அவ்வளவுதான். அண்ணன் எடுத்தார் பாருங்கள்! கால் தானாகக் காவடி ஆட்டத்துக்குப் போனது. மைக் வயரே அவருக்குக் காவடியானது. கம்ப்யூட்டர் பிள்ளைகள் கை தட்ட, மேனேஜர் பாதித் துணியைத் தலைக்குமேல் சுழற்ற, யோஹான் மேசையில் தாளம் போட, நான் தட்டில் இருந்த எல்லாவற்றையும் என்னையறியாமல் தின்று முடித்திருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். பாட்டு முடிந்ததும் யோஹான் தானே மேடை ஏறினார். "மை சாம்பிள்" என்று சொல்லிவிட்டு, அவர் ஊர்ப் பாட்டில் ஒரு வரி பாடினார். அண்ணன் மிச்சமிருந்த பாதித் துணியை எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தார். பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"ஓகே சொல்லுங்கண்ணே" என்று நான் கீழே இருந்து சைகையில் கெஞ்சினேன். குளிர்கால ஆர்டர் அந்தத் துணி நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரிஜெக்ட்டுங்க" என்றார் அண்ணன்.

தோட்டத்தில் ஒரு ஸ்பூன் விழுந்த சத்தம் கேட்டது. அது என் கையிலிருந்து விழுந்த ஸ்பூன்.

"ரிஜெக்டட்?" என்றார் யோஹான். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை மற்றவர்களுக்குச் சொல்லியே பழகிய மனிதர். அது திரும்பி வந்து தன்மேல் விழுந்ததும் தானும் அந்தத் துணியைக் குனிந்து பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர. "செகண்ட் சாம்பிள்!" என்று கத்திவிட்டு மறுபடி பாடினார். இந்த முறை துணி ஆடியது. அண்ணன் அதில் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தார். குளிர்கால ஆர்டரை யோஹான் அந்த மேசையிலேயே உறுதிசெய்தார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய கடிதங்களில் துணியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "என்னை ரிஜெக்ட் செய்தவர் சுகமா?" என்றுதான் கேட்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனிடம் கேட்டேன். "எப்படிண்ணே அவரைப் போய் ரிஜெக்ட் பண்ணினிய? பயமா இல்லியா?"

"பாட்டு சரியில்லீங்களே தம்பி" என்றார். அப்படியே தூங்கிப்போனார். நான் திருப்பூர் வரை முழித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது அண்ணன் வெள்ளகோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, எங்கும் வர முடிவதில்லை. கல்யாண மண்டபமோ கோயில் விழாவோ, கச்சேரி என்று எங்கே போய் உட்கார்ந்தாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து ஸ்பீக்கர் பக்கம் போய் அவருக்கு போன் போடுவேன்.

"துணி ஆடுதுங்களா?" என்பார். நான் கைக்குட்டையை எடுத்துப் பிடிப்பேன்.

"ஆடுதுண்ணே."

"செரி. போனைக் கொஞ்சம் கிட்டப் புடிங்க."

பிடிப்பேன். ஒரு பாட்டு முடியும். இரண்டாவது தொடங்கும். "அண்ணே, ஓகேவா? வைக்கட்டுமா?" என்று கேட்பேன்.

ஒரு இட்லியில், ஒரு வாய்க் காப்பியில், ஒரு பக்கக் கிருதாவில் உலகத்தைத் தெரிந்துகொண்ட மனிதர் மெதுவாகச் சொல்வார்: "இன்னுங் கொஞ்ச நேரமுங்க தம்பி. சாம்பிள் பத்தலை."

கை வலிக்கும். மாற்றிப் பிடித்துக்கொள்வேன்.