மின்சாரப் பிக்கப்பும் மூன்று வாளி மாவும்

“நாலு எழுத்து படிச்சிட்டா வண்டி வாங்கத் தெரிஞ்சிருமாட்டி?”

சுடலை மாமாதான் இப்படிக் கேட்டார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். படித்தவர்கள் வாதத்தில் இப்படித்தான் ஜெயிப்பார்கள் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார், மதில் கட்ட.) பி.காம். முடித்துவிட்டு ஷார்ஜாவில் வந்து இறங்கிய அன்றே, தொழில்பேட்டையில் அப்பாவும் அம்மாவும் மாமாவும் சேர்ந்து நடத்தும் இட்லி மாவுக் கடைக்கு என்னை நானே நிதி ஆலோசகராக நியமித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. யாரும் ஆலோசனை கேட்டதும் கிடையாது.

அப்போது எங்கள் பழைய வேன் சாகக் கிடந்தது. பின்னால் குளிர்பெட்டி வைத்த பெட்ரோல் வண்டி. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் நகரும். அந்த நேரம் பார்த்து, துபாய் கராமாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, தினமும் எங்களிடம் மாவு வாங்கலாம் என்று ஆசை காட்டினார். முதல் நாள் சரக்கைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

“அந்த ஆர்டர் கெடைச்சா புது வண்டி எடுப்போம். கெடைக்கலன்னா கடைய மூடிட்டு நான் பழையபடி சைட்டுக்கே போயிருதேன்” என்றார் அப்பா. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே சொன்னார். அந்த முழங்காலோடு அவர் மறுபடியும் வெயிலில் கம்பி கட்டப் போவதா? பி.காம். எதற்கு இருக்கிறது?

லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். பெட்ரோல், ஆயில், சர்வீஸ், வழியில் நின்றால் இழுத்து வரும் செலவு எல்லாம் ஒரு பக்கம். மின்சாரப் பிக்கப் மறு பக்கம், அதுவும் இருப்பதிலேயே எளிய மாடல். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பாட்டு கிடையாது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்ட மட்டும் ஒரு சின்னத் திரை. எங்கள் குடும்பத்துக்கென்றே செய்தது போல இருந்தது. குளிர்பெட்டிக்குத் தனி விலை என்றார்கள். ‘அநாவசிய ஆடம்பரம்’ என்று அந்த வரிசையையே அழித்தேன். வாளிகளைப் பின்சீட்டில் வைத்து ஏசியைப் போட்டால் போயிற்று! இது தோன்றியபோது எனக்கே என் மேல் மரியாதை கூடியது.

வண்டி விற்பவர் கோயம்புத்தூர்க்காரர். “ஆயில் மாத்தற வேலையே இல்லீங்க மேடம். போனுக்குச் சார்ஜ் போடற மாதிரிதானுங்க.”

“எம் போனு மத்தியானத்துக்குள்ள செத்துருதே தம்பி” என்றார் மாமா.

ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று விற்பவர் டெமோ வண்டியைக் கொடுத்தார். அண்ணாச்சிக்கு முதல் சரக்கு போகும் நாளையே தேர்ந்தெடுத்தேன். என் கணக்கும் மாவும் ஒரே நாளில் அரங்கேற வேண்டாமா? பின்சீட்டில் மூன்று வாளி. பழைய வேனின் குளிரில் மாவு அடங்கிக் கிடக்கும் என்பதால் வாளியைக் கழுத்துவரை நிரப்புவது எங்கள் கடை வழக்கம். அன்றும் அப்படியே நிரப்பினோம். நான் ஓட்டினேன். (லைசென்ஸ் நான்காவது முயற்சியில் கிடைத்தது. இப்போது அது எதற்கு?) மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

துபாய் சாலை வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றது. ஆகஸ்ட் மாத மத்தியானம். திரையில் இருந்த எண் என் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே மதிப்பெண் குறைந்தால் எனக்குத் தாங்காது. ஏசியை அணைத்தேன். எண் சட்டென்று ஏறியது. மறுமதிப்பீட்டில் மார்க் கூடியது போல என்ன ஒரு ஆனந்தம்!

“ஏட்டி, ஏசியப் போடு.”

“போட்டா ரேஞ்ச் கொறையும் மாமா.”

“எனக்கு ஆயுசு கொறையுதே!”

“கொஞ்சம் பொறுங்க. ஒரு சார்ஜில எவ்வளவு ஓடுதுன்னு அப்பாட்ட காட்டணும்.”

“நான் போய்ச் சேந்தப்புறம் காட்டு.”

சிறிது தூரம் போனதும் அவர் மூக்கை உறிஞ்சினார். “என்னவோ புளிச்ச வாடை அடிக்கே?”

அது அவருடைய வியர்வை என்று நினைத்து நாகரிகமாகச் சாலையையே பார்த்து ஓட்டினேன்.

டப்!

முதல் மூடி மாமாவின் பின்மண்டையில் அடித்தது. “யாத்தே, டயரு வெடிச்சிட்டு!” என்று கத்தினார். நான் பதறிப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மின்சார வண்டியில் காலை எடுத்தாலே பிரேக் போட்டது மாதிரி வேகம் இறங்கும் என்பது என் எக்செல்லில் இல்லை. மற்ற இரண்டு வாளிகளும் எங்களை நோக்கிக் குனிந்தன. வெதுவெதுப்பாக, நிதானமாக, பெற்ற பிள்ளையைத் தடவுவது போல மாவு என் கழுத்தில் இறங்கியது. பின்னால் ஹாரன்கள். பக்கத்து டாக்சி டிரைவர் கண்ணாடியை இறக்கி, “க்யா ஹுவா பெஹன்?” என்றார், என்ன ஆச்சு தங்கச்சி என்று இந்தியில். பெஹனுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் மாவு உள்ளே போய்விடும்.

ஹோட்டல் வாசலில் அண்ணாச்சியே வந்து பின்கதவைத் திறந்தார். மாவு இறங்கி வந்து அவர் செருப்பைத் தொட்டது.

“வண்டியில மாவு வந்துச்சா தாயி, மாவுல வண்டி வந்துச்சா?”

“அண்ணாச்சி, ரன்னிங் காஸ்ட் ரொம்பக் கம்மி…” என்று ஆரம்பித்தேன். ஏன் ஆரம்பித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“ஆர்டர் கலாஸ், முடிஞ்சு போச்சு. போயி மொதல்ல மூஞ்சியக் கழுவு.”

டெமோ வண்டியை நானும் மாமாவும் மாலைவரை கழுவினோம். சீட் பெல்ட்டை இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மாவும் சேர்ந்து வந்தது. “புது வண்டி வாசம் போயி தோசை வாசம் வருதுங்களே மேடம்” என்று கோயம்புத்தூர்க்காரர் அழமாட்டாத குறையாகச் சொன்னார்.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. அப்பா பழைய ஃபோர்மேனுக்குப் போன் செய்து, “ஆள் வேணுமா பாய்?” என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தாருங்கள் என்று அப்பாவிடம் போய் நின்றேன்.

மறுநாள் பழைய வேனிலேயே அண்ணாச்சியிடம் போனேன். லேப்டாப் இல்லை, ஒரு வாளி மாவு மட்டும். “ஆர்டர் கேக்க வரல அண்ணாச்சி. இந்த வாரம் தெனமும் கொண்டு வாரேன். நல்லாருந்தா வாங்குங்க.” அவர் மூடியைத் தூரத்தில் நின்று கரண்டியால் திறந்தார். வார முடிவில், “சரி, தெனமும் கொண்டா. ஓட்டுறது மட்டும் மாமாவா இருக்கட்டும்” என்றார். அப்பா ஃபோர்மேனுக்கு மறுபடியும் போன் செய்து, “நான் வரல பாய்” என்றார். இந்த முறை கேட்பதற்கு இதமாக இருந்தது.

பிறகு கணக்கைப் புதிதாகப் போட்டேன். குளிர்பெட்டியைச் சேர்த்ததும் லாபம் பாதியாக இளைத்துவிட்டது. அந்தப் பெட்டியும் பேட்டரியைத்தான் தின்னும். இருந்தாலும் ஒரு சார்ஜ் எங்கள் அன்றாட ஓட்டத்துக்குப் போதும், மின்சாரமே மலிவு. இதைச் சொன்னதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் நான் கொஞ்சம் கோபப்பட்டால் போதும், “ஏசியப் போடுங்க, புள்ள பொங்கிரப் போவுது” என்று வீடே ஓடுகிறது. ஊரிலிருந்து பேசும் சித்திகூட வீடியோவில் அதைத்தான் சொல்கிறாள்.

சொல்லட்டும். நேற்று அதே கோயம்புத்தூர்க்காரரிடம் குளிர்பெட்டியோடு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். வெள்ளை என்றேன். கொட்டினாலும் தெரியாது.