முகத்துவாரத்தில் இரண்டு ஜென்மப் பகைவர்கள்

மகாராஜராஜஸ்ரீ பழவேற்காட்டு டச்சுக் கோட்டையில் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி, என் மைத்துனர் சுப்பராயலு அவர்களின் திவ்விய சமூகத்திற்கு, முகத்துவாரக் குப்பத்துத் தலைவன் நாகப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே அம்மன் புண்ணியத்தில் நானும், உமது தமக்கை அங்காளம்மாளும், ஏரியில் இறாலும் சௌக்கியம். அங்கே உமது சௌக்கியமும், கோட்டைத் தளபதி துரையவர்களின் சௌக்கியமும், அவருடைய பீரங்கிகளின் சௌக்கியமும் அறிய ஆவல்.

நிற்க. உமது கடிதம் கண்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரஜா விடுமுறையில் வந்து எங்கள் குப்பத்தில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் உங்கள் கேப்டன் ஹென்ட்ரிக், சென்னப்பட்டணத்திலிருந்து அதேபோல ரஜாவில் வந்திருக்கும் இங்கிலீஷ் லெப்டினெண்ட் ஆலிவருடன் கூடிக் குலாவுவதாக யாரோ ஒரு சிப்பாய் கோள் மூட்டிவிட்டானாம். அது மெய்யானால் எதிரியோடு உறவாடிய குற்றத்துக்குக் கேப்டனைச் சுட்டுவிடுவார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித் தளபதி கேட்கிறாராம். உறவாவது! ஐயா, கீரியும் பாம்பும்கூட மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயரும். இவர்கள் இருவரும் ஓய்வு ஒழிச்சலே இல்லாத பகைவர்கள்.

வந்த முதல் நாளே தகராறு. இருவரும் பூநாரை சுடத்தான் வந்தார்கள். ஆனால் பூநாரை பறந்து போனதும், அது உட்கார்ந்திருந்த மணல் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஆரம்பித்து, காய்ந்துகொண்டிருந்த நம் வலைகளுக்கு நடுவில் வாளை உருவிக்கொண்டு நின்றார்கள். நான் ஓடிப்போய், "துரைங்களே, கழுத்த வெட்டிக்கினாலும் வெட்டிக்குங்க, வலைய மட்டும் வெட்டிடாதீங்க!" என்று காலில் விழுந்தேன். அப்புறம் ஊரைக் கூட்டி, மீன்பிடிக்கு நாம் வைத்திருக்கும் பாடு முறையையே இவர்களுக்கும் வைத்தோம். ஒரு நாள் ஒரு கூட்டம் வலை போட்டால் மறுநாள் அடுத்த கூட்டம் போடுகிறதல்லவா, அதேபோல மணல்திட்டு இன்றைக்கு டச்சுக்காரருக்கு, நாளைக்கு இங்கிலீஷ்காரருக்கு. அம்மன் முன்னால் சீட்டுப் போட்டாயிற்று. அடுத்தவன் பாடு நாளில் மணலில் கால் வைத்தவன் அன்று பொழுது சாயும்வரை அந்தப் பாடுக்கு உரியவன் படகில் ஏறி, அவன் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். இது நம் பாட்டன் காலத்துச் சட்டம் என்பது உமக்குத் தெரியாததல்ல.

மறுநாள் டச்சுப் பாடு. விடிந்ததும் விடியாததுமாக லெப்டினெண்ட் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். என்ன திமிர்! பிடித்துப் படகில் ஏற்றினோம். அதற்கடுத்த நாள் இங்கிலீஷ் பாடு. கேப்டன் தலைசீவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அவரையும் ஏற்றினோம். அன்று முதல் ஒரு நாள் தவறாமல் இப்படியே மாற்றி மாற்றிப் பாட்டை மீறுகிறார்கள். பகை இல்லாவிட்டால் ஒரு மனிதன் இத்தனை தரம் தண்டனை வாங்குவானா? சிப்பாய் பார்த்தது தண்டனையை ஐயா, சல்லாபத்தை அல்ல. அந்தப் படகில் கட்டளைகளைக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்டவர் முகம் சிவந்து போகிறது. அவ்வளவு கடுமையான கட்டளை. வலை வீசும்போது இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தது, கைதி தண்ணீரில் குதித்துத் தப்பாமலிருக்க. நடுவில் லெப்டினெண்டுக்குக் குளிர்காய்ச்சல் வந்ததும், கேப்டன் பக்கத்தைவிட்டு நகராமல் கஞ்சி புகட்டியதும் நிஜம்தான். அவர் செத்துப்போனால் இவர் யாரோடு சண்டை போடுவார்?

உமது தமக்கை விவரம் புரியாமல், "இன்னாயா, ரெண்டும் ஒரே தட்டுல மீனு துண்ணுதுங்க, நீ இன்னாடான்னா பகைன்னு எழுதிக்கினு கீற" என்றாள். அவளுக்கு யுத்த சாஸ்திரம் தெரியாது. ஒரே தட்டில் சாப்பிட்டால்தான் ஒருவருக்கு ஒருவர் விஷம் வைக்க முடியாது.

ஆகையால் தளபதி துரையவர்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். பாட்டுச் சீட்டில் அவர் பெயர் இல்லை. உமக்கும் உம் பிள்ளைகளுக்கும் அம்மன் நீண்ட ஆயுளையும், காற்றடிக்காத ஏரியையும் தருவாளாக.

இப்படிக்கு,
தங்கள் விதேயன் நாகப்பன்

பின்குறிப்பு: மச்சான், மேலே இருப்பதைத் தளபதிக்கு வாசி. இந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நீயும் இந்தக் குப்பத்தில் பிறந்தவன்தான். பாடு மீறினால் அவன் முறை போகும், அவ்வளவுதான் நம் வழக்கம். படகில் ஏற்றும் தண்டனை எந்தப் பாட்டன் காலத்தில் இருந்தது? வாளை உருவிக்கொண்டு நின்ற அன்று அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையை உன் அக்காள் பார்த்துவிட்டாள். "சேந்து குந்தறதுக்கு ஒரு சாக்கு குடுயா, பாவம்" என்றாள். சட்டம் அன்றைக்குத்தான் பிறந்தது. எனக்கும் அவர்கள்மேல் பிரியம் விழுந்துவிட்டது. கேப்டனைச் சுட்டார்கள் என்று கேட்டால் என்னால் தாங்க முடியாது. ரஜா தீர்ந்ததும் ஒருவன் கோட்டைக்கு, ஒருவன் சென்னப்பட்டணத்துக்கு. இனிப் பார்த்தால் பீரங்கிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான் பார்ப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும். ரஜா தீர இன்னும் நாலு நாள் இருக்கிறது. கடிதத்தை இவ்வளவு நீட்டி எழுதியதே அதற்குத்தான். ஒவ்வொரு வரியிலும் நிறுத்து, புரியாத மாதிரி தலையைச் சொறி, டச்சில் இரண்டு தரம் சொல். நாலு நாளைக்கு இழுத்து வாசி, மச்சான்.