பத்தியம் கடையும் என் முழங்கையும்

தென்காசியில் யாருக்கு என்ன வியாதி என்று முழுமையாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள், அவர் வெளியே சொல்லமாட்டார். இன்னொருவர் பத்தியம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். ஒரு சுவரில் சித்த மருந்துகள், எதிர்ச் சுவரில் யுனானி லேகியங்கள், நடுவில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆயுர்வேதக் கஷாய பாட்டில்கள். வேரும் பட்டையும் கந்தகமும் அன்னபேதியுமாக, உள்ளே நுழைந்தால் மூக்கு எதை முதலில் கவனிப்பது என்று திகைத்துப் போகும்.

அவர் வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் எழுதியதை நிறுத்துக் கொடுப்பவர், அவ்வளவுதான். ஆனால் பொட்டலம் கைமாறிய நிமிடத்திலிருந்து நோயாளியின் நாக்கு தன் காவலுக்கு வந்துவிட்டதாக நம்புபவர். மருந்து சாப்பிடும் காலத்தில் எதையெல்லாம் தின்னக் கூடாது என்று மற்ற கடைக்காரர்கள் சொல்வதோடு சரி. இவர் பின்னாலேயே வருவார்.

“சித்த வைத்தியர் பித்தங்காரு. ஹக்கீம் ரத்தம் கெட்டுப் போச்சுங்காரு. கேரளத்து வைத்தியர் வாதங்காரு. ஒரே சொறிக்கு மூணு காரணம். ஆனா கத்திரிக்கா திங்காதன்னு மூணு பேரும் சொல்லுதாங்களா இல்லியா?” என்று கேட்பார். மூன்று மருத்துவ முறைகளையும் கத்திரிக்காயில் ஒன்று சேர்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா இலை முன் உட்கார்ந்திருந்தார். நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த பத்தியம், பரிமாறுகிறவனை நோக்கிக் குரல் கொடுத்தார். “ஏலே, அந்த அண்ணாச்சிக்குக் கத்திரிக்கா வைக்காத. மூலத்துக்கு மருந்து சாப்பிடுதாரு.” நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிய நேரம் அது. மண்டபம் முழுவதும் கேட்டது. பெரியப்பா பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கமிஷன் வியாபாரி ஒருவருக்குப் புளிப்பு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பத்தியம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். மலைபோல் குவிந்த பழத்துக்கு நடுவே அந்த மனிதர் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, தொழிலை மாத்தும். இல்லேன்னா வியாதியை மாத்தும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போவார். குளிப்பதற்கல்ல. பஜ்ஜிக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அவர் தலையைக் கண்ட தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர், எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் வந்த மிளகாய் பஜ்ஜியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வணக்கம் வைத்தார். மறுநாள் நெஞ்சுப் புண்ணுக்குக் களிம்பு கேட்டுக் கடைக்கே வந்தார்.

“இதுக்கும் பத்தியம் உண்டு” என்றார் பத்தியம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். போன வருஷம் என் இரண்டு முழங்கைகளிலும் செதில் செதிலாகப் படை வந்தது. தோல் டாக்டரின் களிம்புக்கு மறையும், நிறுத்தினால் திரும்பி வரும். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவில், கந்தகம் சேர்ந்த பறங்கிப்பட்டைச் சூரணமும் வெட்பாலைத் தைலமும் எழுதினார்கள். பச்சை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்க, அது கருநீலமாக மாறுவதைப் பத்தியம் கடை வாசலில் நின்று பார்த்தேன். அப்போதிருந்து நானும் அவர் காவலுக்குள் வந்தேன்.

மனைவி போனபின் எனக்கு நானே சமையல். பத்தியச் சமையலில் புளி இல்லை, கருவாடு இல்லை, கோழி இல்லை. நான் வைத்த ரசத்தை நானே மதிக்கவில்லை. ஒரு நாள் கேரள எல்லைப் பக்கம் பஸ் ஏறினேன். பரோட்டா, கோழி வறுவல், சால்னா. பிறகு அது பழக்கமாகிவிட்டது. முழங்கையில் படை முன்னைவிடச் சிவந்தது.

கடைக்குப் போனபோது பத்தியம் என் கையைப் பிடித்து முகர்ந்தார்.

“சார், சோப்புப் போட்டுக் கழுவியிருக்கீய.”

“கழுவினா தப்பா?”

“வீட்டுச் சாப்பாட்டுக்கு எவன் சோப்புப் போடுதான்?”

கடையில் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் பழைய மாணவன் ஒருவனும் சிரித்தான். அதைத் தாங்க முடியாமல் நான் சொன்னேன்: “உங்க கந்தகத்திலே கலப்படம் இருக்கு. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன், எனக்குத் தெரியும்.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வாங்கிய பொட்டலத்தை ஒரு அம்மாள் மெல்ல மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்தில் அந்தக் கடை வாசலில் செருப்பே இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் எதிர்ச் சாரியில் நடந்தேன். ஒரு நாள் பார்த்தபோது பத்தியம், வாங்க ஆளில்லாத மருந்துகளைத் தட்டில் பரப்பி வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடந்து உள்ளே போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, “கோழியா, ஆடா?” என்றார்.

“மன்னிக்கணும்னு சொல்லுதேன் அண்ணாச்சி.”

“அது இருக்கட்டும். கோழியா ஆடான்னு வைத்தியர்ட்ட சொல்லணும்லா? மருந்தை முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமே.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்குக் கோழி என்று பதில் கிடைத்ததே போதுமானதாக இருந்தது.

நேரே டீக்கடைக்குப் போய், “நான் சொன்னது பொய். பரோட்டா தின்னது நான்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். டீ மாஸ்டர் உருகிப் போனார். “பாத்தியளா, சாருக்கு எவ்வளவு பெரிய மனசு. அந்த ஆளு பொழப்பு கெடக் கூடாதுன்னு தன் மேல பழியைப் போட்டுக்கிடுதாரு.” மறுபடி சொன்னேன். என் மதிப்பு இன்னும் ஏறியது. நான் ஒப்புக்கொள்ளக் கொள்ளப் பத்தியத்தின் கந்தகம் இன்னும் கெட்டுக்கொண்டே போனது.

வேறு வழி தெரியவில்லை. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அதே டப்பாவிலிருந்து அதே சூரணத்தை, காலையும் மாலையும், பஜார் பார்க்கச் சாப்பிட்டேன். மதியம் அவர் வீட்டிலிருந்து வரும் தூக்குவாளியில் எனக்கும் பங்கு. பாசிப்பருப்பு, புடலங்காய், மிளகு ரசம். அதில் ருசி இருந்தது.

முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிப்பதுபோல என் முழங்கையை விசாரித்தார்கள். “சார், இன்னைக்கு எப்படி?” பஸ் கண்டக்டர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “குறையுது, குறையுது. போலாம் ரைட்” என்று விசில் ஊதினார். செதில் உதிர்ந்தது. சிவப்பு வெளுத்தது. ஒரு மண்டலம் முடிவதற்குள் மேஜையில் பொட்டலத்தை விட்டுப்போன அம்மாள் வந்து, “அண்ணாச்சி, அன்னைக்குக் கட்டின மருந்தைத் தாங்க” என்றாள்.

“அது பழசாயிட்டு. புதுசு கட்டுதேன். கத்திரிக்கா ஆகாது, கேட்டியளா?”

“தெரியும்யா” என்றாள் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இடது முழங்கையில் மட்டும் ஒரு சின்ன வட்டம் இன்னும் போகவில்லை. தோல் டாக்டரும் பார்க்கிறார், சித்த வைத்தியரும் பார்க்கிறார். பெரிதாகவில்லை என்று இருவரும் சொல்கிறார்கள். கடை வாசலில் பழையபடி செருப்புகள் கிடக்கின்றன. வாசலில் உட்கார்ந்து நிரூபிக்க எனக்கு இனி எதுவும் இல்லை.

ஆனாலும் சாயங்காலம் போய் அந்த ஸ்டூலில் உட்காருகிறேன். எத்தனை கூட்டம் இருந்தாலும் தராசிலிருந்து தலையைத் தூக்கி, “மத்தியானம் என்ன சாப்பிட்டீய?” என்று கேட்கிறார். இன்னொரு தரம் கேட்கட்டும் என்று, நான் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.