மாமனார் மேல் நான் கட்டிய பாட்டு

சிரிப்புப் பாட்டு எழுதுகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. எனக்கு ஒருவர் கொடுத்தார். அவர் மேலேயே பாட்டு எழுதினேன்.

காவாந்தண்டலத்தில் நான் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். மற்ற நேரமெல்லாம் கவிராயர். (எட்டாவது ஃபெயில். எங்கள் தெருவில் அதுவே பெரிய படிப்பு.) மாமியார் இறந்ததும் மாமனார் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். பேசாமல் சாப்பிடுவார், பேசாமல் படுப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"வந்தாரு மாமனாரு, வாரம் மூணு ஆவுது,
பந்தி போட்டுப் போட்டு எங்க பானை தேஞ்சு போவுது!"

இதை நாடக பபூன் கண்ணுசாமியிடம் கொடுத்தேன். "உன் பேரச் சொல்லித்தான் பாடுவேன் வாத்தியாரே" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். (அவன் தலையில் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.)

ஆறே மாதத்தில் உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டரே அதைப் பாடினார். பெருநகர் ஊர்த் திருவிழாவில் மத்தியானம் கண்ணுசாமி பாடுகிறான் என்று கேட்டு, மனைவியோடு மாமனாரையும் அழைத்துப் போனேன். அவருக்கு என்ன புரியப் போகிறது என்று நினைப்பு. மேடையில் என் பேரைச் சொல்வார்கள் என்றதும் மனிதர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், "எங்க மாப்ள எழுதனது" என்றார். பாட்டுக்கு அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

"இது அடியேன் சொந்தமா கட்டனது!" என்று கும்பிட்டான் கண்ணுசாமி.

நான் மேடையில் ஏறிவிட்டேன். "பொய்யி! நான் எழுதனது!"

"அப்பிடியா? அந்த மாமனாரு யாரு? ஆளக் காட்டு!"

கூட்டமும் "காட்டு, காட்டு" என்றது. கோபத்தில் என் கை தானாக நீண்டது.

"தோ குந்திக்கினு கீறாரே, அவருதான்!"

பந்தலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். "ஆள செட்டப் பண்ணி இன்னாமா நடிக்கிறானுவ!" என்றார் ஒருவர். என் பேரை யாரும் கேட்கவில்லை. கண்ணுசாமிக்கு மாலை விழுந்தது.

"எங்க நைனா சோத்துக்கா வந்தாரு? எங்கம்மா இல்லாத வூட்ல இருக்க முடியாம வந்தாரு" என்றாள் மனைவி. அப்படியே அவர் பின்னால் நடந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து, மாமனாரின் சொந்த ஊரான கூரத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். "மாமா, அந்தப் பாட்டு நான் எழுதல."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் எழுதிக்கீறீங்க மாப்ள" என்றார். மகளை அனுப்பிவைத்தார். சாகும்வரை எங்கள் வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

இன்றும் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்து, "யார் பண்ணது?" என்று நான் கத்தினால் போதும், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "நான் எழுதல!"

மனைவியும் சிரிப்பாள். என் முகத்தைப் பார்க்காமல்.