நீ வைத்த ஆப்பும் போலகத்து நாற்றங்காலும்

குரும்பகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி நவநீதனுக்கு,

அக்கா மங்கையர்க்கரசியின் ஆசிகள். இங்கே நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். அவருக்கு இடது முழங்கையில் மட்டும் சிராய்ப்பு, அதற்குக் காரணம் நீ. அங்கே பிரான்சில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வாட்ஸ்அப்பில் நான் எதைப் பேசி அனுப்பினாலும் கேட்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். "உன் வண்டி என்னைக் கொல்லப் பார்த்தது" என்று சொன்னதற்கும் அதே கட்டைவிரல். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, ஏனென்றால் உன் கல்யாணப் பேச்சு முறிந்துபோன கதையும் இதில்தான் வருகிறது.

போன லீவில் ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தைப் பிடித்து, கூரையை அறுத்தெறிந்த அம்பாசிடர் உடம்பை அதன்மேல் உட்காரவைத்து, தக்காளிச் சிவப்பில் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாய். "இதுக்குப் பேரு ஹாட் ராடுக்கா. முன் ஆக்சில நானே என் கையால மாட்டினேன்" என்று மார்தட்டினாய். அப்பப்போ ஓட்டி வை என்று சாவியைத் திணித்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். நானும் கணக்கு டீச்சராக ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவள்தானே, நமக்கும் பொழுது போகட்டும் என்று எடுத்தேன்.

தம்பி, உன் வண்டி நேராகப் போகாது. இடது பக்கம்தான் போகும். ஸ்டியரிங்கை நான் வலது பக்கம் இழுக்க, அது இடது பக்கம் இழுக்க, கொஞ்சம் வேகம் பிடித்தால் சாமி வந்த மாதிரி முன்சக்கரம் இரண்டும் உதற, என் பல்லெல்லாம் ஆட, காரைக்கால் போய்ச் சேருவதற்குள் எனக்கு எமதர்மன் தெரிந்துவிடுவான். ஒரு தடவை வளைத்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, வளைத்த வளைவிலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படித்தான் மெயின் ரோட்டில் ஒரு லாரிக்கு ஒதுங்கப்போய், ஒதுங்கிய ஒதுக்கத்திலேயே பிராந்திக் கடை வாசலில் போய் நின்றது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அத்தனை பேரும் கிளாசை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர், கூலிங்கா எதாச்சும் சொல்லட்டுமா?" என்றான். பெருக்கல் வாய்ப்பாடு கடைசிவரை வராதவன், உபசாரத்தில் குறை வைக்கவில்லை.

மறுவாரமும் அதே கடைக்குத்தான் போய் நின்றது. வீட்டில் வந்து சொன்னால் உன் அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "மொத தடவை போனா வண்டிக் கோளாறு. ரெண்டாவது தடவையும் போனா?" என்றார். அன்றைக்குச் சோற்றில் உப்பே போடவில்லை நான்.

அலைன்மெண்ட் பார்க்கும் கடைக்கும் போனேன். சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாடித் தட்டை மாட்டிக் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். திரை முழுக்கச் சிவப்பாக வந்தது. "இந்த மாடல் எங்க கம்ப்யூட்டர்ல இல்லைங்கம்மா" என்றார் கடைக்காரர். எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது, என் தம்பி மண்டையில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் போலகத்து வரன் வந்தது. பெண் இளவேனில், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறாள், நல்ல உயரம், கணீரென்ற குரல். உனக்கோ நாற்பதைத் தாண்டிவிட்டது. வீடியோவில் நீ நின்றபடியே எதையோ பாக்கெட்டோடு தின்பதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், போனை வைத்தபின் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும் என்றிருந்தேன். நீயோ, "பொண்ணு வீட்டுக்கு நம்ம வண்டியிலயே போக்கா, கெத்தா இருக்கும்" என்றாய்.

கெத்தாகத்தான் போனோம். அத்தான் பட்டு வேட்டியில், மடியில் பழத்தட்டும் பூவும். வழியிலிருக்கும் பட்டினத்தைத் தாண்டுவதற்குள் உதறலில் வாழைப்பழச் சீப்பு பழம் பழமாகப் பிரிந்தது, ஆப்பிள் ரோட்டில் உருண்டது. போலகத்தில் வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் சிரித்துக்கொண்டே வலது பக்கம் அவர்கள் வீட்டுக்குள் வளைத்தேன். வண்டி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு இடது பக்கம் திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, பச்சைப் பசேலென்று வளர்ந்திருந்த நாற்றங்காலின் நட்டநடுவில் இறங்கிப் புதைந்தது. அத்தான் பழத்தட்டோடு பறந்து சேற்றில் விழுந்தார்.

பெண்ணின் அம்மா காசியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "பொண்ணு பாக்க வந்தீங்களா, உழவு ஓட்ட வந்தீங்களா? அடுத்த வாரம் நடவுக்கு வச்ச நாத்துங்க இது!" நான் "மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்ல நினைத்து "நல்லா வளந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் களேபரத்தில் பெண் எங்கே என்று பார்த்தால், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இளா, எந்திரிடி! புடவை!" என்று காசியம்மா கத்துகிறார்.

"இரும்மா. டீச்சர், இடது பக்கமே இழுக்குதா?"

"ஆமாம்மா."

"வளச்சா ஸ்டியரிங் திரும்பி வராதே?"

"வரவே வராது."

"ஸ்பிரிங் பட்டையோட நடு போல்ட்டு அறுந்துபோச்சு. ஆக்சில் இடது பக்கம் மட்டும் பின்னால நழுவியிருக்கு. அப்புறம் எங்க நேரா போறது? அதுக்கு மேல பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல வைக்கிற ஆப்பை முன்பின்னா மாத்தி வச்சிருக்காங்க. சைக்கிள்ல ஃபோர்க் சாஞ்சிருக்குல்ல டீச்சர், அதனாலதான கைய விட்டாலும் நேரா போவுது? இதுல அது எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு." தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் கிரீஸ். "இதை யாரு மாட்டுனது?"

நான் பெருமையாக, "மாப்பிள்ளைதான்மா, அவரே தன் கையால" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம்மா. ஆப்பை எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாதவரு."

சாதகம் பொருந்தாமல் போனதைக் கேட்டிருக்கிறேன், ஆக்சில் பொருந்தாமல் வரன் போனதை இப்போதுதான் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் ஆப்பு வைப்பார்கள். நீ உனக்கே வைத்துக்கொண்டாய்.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. "மாப்பிள்ளை வேணாம்னுதான் சொன்னேன், வண்டி வேணாம்னு சொல்லல" என்று டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் பட்டினத்துக்கே கொண்டுபோனாள். அங்கே ஜெகபர் சாதிக் பாய் பட்டறை வைத்திருக்கிறார். அவர் டயரில்தான் கோளாறு என்கிறார், இவள் இல்லை என்கிறாள். பின்சக்கர மையத்திலிருந்து முன்சக்கர மையத்துக்கு நூல் பிடித்து அளந்தார்கள். இடது பக்கம் மூன்று விரல் குறைந்தது. "அட, ஆமாம்மா" என்று சிரித்துக்கொண்டே பாய் ஜாக்கியை எடுத்தார். புது நடு போல்ட் போட்டு ஆக்சிலை நேராக்கினார்கள். சக்கரம் திரும்பும் கிங்பின் தேய்ந்து லொடலொடத்தது, புதிது அடித்தார்கள். ஆப்பைத் திருப்பி வைத்தார்கள். முன்சக்கரம் இரண்டும் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டையும் இணைக்கும் நடுக் கம்பியை முறுக்கி, கொஞ்சம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தார்கள். நான் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நாகூர் ரோட்டில் ஓட்டினேன். "கைய விடுங்க டீச்சர்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பயந்துகொண்டே விட்டேன். தம்பி, கோடு போட்ட மாதிரி போனது. கடல்காற்று முகத்தில் அடிக்க, ஸ்டியரிங் தானே நேரே நிற்க, என்னை அறியாமல் கத்திவிட்டேன். இந்த வயதில் இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

ஆனாலும் முடிவைக் கேள். அந்தச் சம்பந்தம் போனது போனதுதான், காசியம்மா பேச்சை எடுக்கவே விடவில்லை. நாற்றுக்கு ஈடாக நம் வயலில் இருந்த நாற்றைக் கொடுத்தாயிற்று. வண்டியை விற்றுவிட வேண்டும், நீயும் இந்த வருஷம் லீவுக்கு வந்து செலவு செய்யாதே. இனி உனக்குப் பெண் தேடும் வேலையை நான் விட்டுவிட்டேன். தரகருக்கும் சொல்லியாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்து சாப்பிடு. காரைக்கால் அம்மையார் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன், எல்லா நலனும் சேரட்டும். அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வேறு சில வார்த்தைகளும் சொன்னார், அவற்றை எழுத முடியாது.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் இளவேனில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். புது போல்ட்டையெல்லாம் இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டுமாம். வண்டிக்கடியில் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "இந்தச் சட்டத்துல வெல்டிங் யாரு டீச்சர் போட்டது? பூ தொடுத்த மாதிரி இருக்கு. இப்படிக் கை உள்ள ஆளுன்னா ஆப்பை மாத்தி வச்சதைக்கூட மன்னிச்சிரலாம்" என்றாள். அது பாண்டிச்சேரிப் பட்டறைக்காரர் போட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது. அத்தான் இருமினார், காலை மிதித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவரு எப்ப வர்றாரு?" என்று கேட்டாள். மேலே எழுதிய முடிவையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வண்டி விற்பனைக்கு இல்லை. தை பிறந்ததும் வந்து சேர். அதற்குள் அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் இடம் எங்கே இருந்தாலும் நாளைக் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடு.