ஜசூரின் ரொட்டி

சுவரில் ஆணி இருந்தது. ரொட்டியைத்தான் காணவில்லை.

தவ்ரான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஆணிக்கு நேர் கீழே, மெத்தை விரிப்பில், ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆறரை அடி மனிதர். பேன்ட் முழுக்க ரொட்டித் துகள்.

"ரொட்டி பிரமாதம்," என்றார் அவர். "லேசா காய்ஞ்சிருந்துச்சு. டீயில நனைச்சுக்கிட்டேன்."

"முழுசும் சாப்பிட்டீங்களா?"

"ஒரு வாய் யாரோ ஏற்கெனவே கடிச்சிருந்தாங்க. நான் அதத் தப்பா எடுத்துக்கல."

தவ்ரான் ஆணியைச் சுட்டிக் காட்டினான். "ஏங்க... ஆணியில மாட்டியிருக்கிற ரொட்டிய யாராவது எடுத்துச் சாப்பிடுவாங்களா?"

"நீங்கதானே பஸ்ல சொன்னீங்க? இந்த நாட்டுல கண்ணுல பட்ட ரொட்டியத் தொடாம போனா வீட்டுக்காரங்களுக்குப் பெரிய அவமானம்னு. நான் டைரியிலகூட எழுதி வச்சிருக்கேன்."

தவ்ரான் அப்படிச் சொன்னது உண்மைதான். சமர்கந்திலிருந்து புகாராவுக்கு வரும் வழியில் சுற்றுலா வந்த பதினான்கு பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஒருத்தரும் விழிக்க மாட்டார்கள் என்று தவ்ரான் கொஞ்சம் கை, கால், மூக்கு வைத்துச் சொல்வான். வழிகாட்டித் தொழிலில் அது சகஜம். சொன்னதைக் குறித்துக்கொள்கிற ஆள் ஒருவர் இருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

புகாராவில் யாராவது தூரதேசம் புறப்பட்டால், வீட்டுப் படி இறங்கும்முன் ஒரு ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை வீட்டில் மாட்டி வைப்பார்கள். போனவர் திரும்பி வந்து அதைச் சாப்பிட்டு முடிப்பார். ரொட்டி இங்கே காத்திருக்கும்வரை ஆள் எங்கிருந்தாலும் வந்து சேருவார் என்பது நம்பிக்கை. அந்த ரொட்டியை வேறொருவர் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. அப்படி யாரும் சாப்பிட்டதில்லை.

அது ஜசூரின் அறை. மனைவி மோஹிராவின் தம்பி ஜசூர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்காகக் கொரியா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்து வருகிறான். அவன் போனபிறகு வீட்டில் ஆண்துணை இல்லை என்று தவ்ரான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். வந்த நாளிலிருந்து மாமியார் சனோபருக்கு அவனைக் கண்டால் ஆகாது என்பது அவனுடைய தீர்மானம். அதற்கு அவனிடம் சாட்சியங்கள் இருந்தன. விடிகாலையில் அவன் பஸ்ஸுக்கு ஓடும்போது, "ஒரு வாயாவது கடிச்சிட்டுப் போங்க, அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று வாசல்வரை விரட்டுவாள். பத்து நாள் அலைந்து களைத்து வந்தால், வீட்டில் எல்லோருக்கும் சுடச்சுடப் புது ரொட்டி. அவனுக்கு மட்டும் காய்ந்த ரொட்டியை ஊறப்போட்ட சூப். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். கேட்டால் மாமியார்ச் சண்டை வரும் என்று அவன் வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுவான்.

ஜசூரின் அறைக்குள் அவன் கால் வைப்பதே, சுற்றுலாக் குழுவுக்கு அதன் சுவரில் உள்ள பழைய சுண்ணாம்பு மாடங்களைக் காட்டக் கூட்டிவரும்போதுதான். வந்தபோதெல்லாம் ஆணியில் ரொட்டி தொங்கும். இன்றைக்கு அது ஹாலந்துக்காரர் வயிற்றில்.

முற்றத்தில் பிலாவ் சோற்று அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தவ்ரான் வெளியே பாய்ந்தான். விருந்து விரிப்பில் சனோபர் காலையில் சுட்ட ரொட்டிகள், நடுவில் பூ முத்திரையோடு, வரிசையாக இருந்தன. அதே மாவு, அதே முத்திரை. ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"மாப்பிள்ளை!"

சனோபர் கரண்டியோடு நின்றாள். ரொட்டியை அவள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் வைப்பாள். "இங்க ஒண்ணு ஒத்தையா நிக்குதே, அதோட ஜோடி எங்க?"

"ஒருத்தர் சாப்பிட்டுட்டாரு அத்தை. அந்த உயரமான ஆளு."

"சோறு போடறதுக்கு முன்னாடியேவா? முழு ரொட்டியவா?"

"உங்க கைப்பக்குவம் அப்படி அத்தை. பசி தாங்கல, வாசனை இழுத்துடுச்சுன்னாரு."

சனோபரின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவன் பார்த்த முதல் மலர்ச்சி. அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நிகோரா! தந்தூர் அடுப்பப் பத்த வைடீ! ஹாலந்து மனுஷனுக்கு வழிக்கு ஆறு ரொட்டி சுடணும்!"

மச்சினி நிகோரா பரீட்சைப் புத்தகத்தை வீசிவிட்டு விறகு எடுக்க ஓடினாள். வாசலில் டிரைவர் தாலிப் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தவ்ரான் தம்பி, பன்னெண்டுக்குக் கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள கீவா போக முடியும். இருட்டினா ரோட்டுல ஒட்டகம் குறுக்க வரும். ஒட்டகத்துக்கு லைட் கிடையாது."

"ஒரு அரை மணி நேரம்ண்ணே."

"இந்த வீட்டுல அரை மணி நேரம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

ரொட்டி சட்டைக்குள் மெத்தென்று இருந்தது. இரண்டு வருஷத்து ரொட்டி இப்படிப் பஞ்சு மாதிரி இருக்குமா? தவ்ரான் யோசித்தான். பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே ஜூன் மாத வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியை அங்கே காய வைத்துவிட்டு, சாப்பாடு பரிமாற ஓடினான். சனோபர் ஜசூரின் அறைப்பக்கம் நடக்கும்போதெல்லாம், "அத்தை, உப்பு!" "அத்தை, டீ!" என்று கூப்பிட்டுத் திருப்பினான். ஏழாவது முறை உப்பு கேட்டபோது அவள் உப்பு ஜாடியையே அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அரை மணி கழித்துப் பஸ்ஸுக்குப் போனான். கண்ணாடிக்குக் கீழே ரொட்டி இல்லை.

"தாலிப் அண்ணே, இங்க ஒரு ரொட்டி வச்சேனே?"

"அதுவா? பாவம், வெயில்ல அனாதையா கெடந்துச்சு. ரொட்டிய அப்படிப் போடலாமா தம்பி? எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பிச்சு, சீக்கிரம் சாப்பிட்டு வந்த நாலு பேருக்குக் குடுத்துட்டேன். தொடாம போனா நமக்கு அவமானமாமே? வாங்கி வாங்கித் தின்னாங்க."

தவ்ரான் தலையில் கை வைத்துக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து போய், விரிப்பில் ஒற்றையாய் நின்ற ரொட்டியையும் எடுத்துக்கொண்டான். இந்த முறை ஜோடிக் கணக்கு சரியாக இருக்கும் என்று ஒரு சின்ன ஆறுதல்.

சனோபருக்கு ஜோடிக் கணக்கு மட்டும் இல்லை, மொத்தக் கணக்கும் தெரியும்.

"ரெண்டாவதும் அவரேவா?"

"ஆமா அத்தை."

"இந்த மனுஷன வீட்டுல பட்டினி போடறாங்களா?" அவள் அண்டாவின் அடியிலிருந்து கொழுப்பும் இறைச்சியுமாக ஒரு தட்டு குவித்து, ஹென்ட்ரிக்கின் முன்னால் கொண்டுபோய் வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள். அது அவருக்கு மூன்றாவது தட்டு. ஹென்ட்ரிக் வெளுத்துப்போய்த் தவ்ரானைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் ஏன்?"

"சாப்பிடுங்க. இதுவும் அவமானம்தான்."

தட்டு காலியானதும் தவ்ரான் அவரைக் கைத்தாங்கலாக ஜசூரின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். விஷயத்தை எல்லாம் சொன்னான். ஹென்ட்ரிக்குக்கு முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ, நானே அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"கேட்டீங்கன்னா என் கதை முடிஞ்சுது. அவங்களுக்கு அந்த ரொட்டிதான் மகன். தினம் அதப் பாத்துதான் மூச்சு விடறாங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இதக் கடிக்கணும்."

"நீங்களே கடிச்சா என்ன?"

தவ்ரான் ரொட்டியை வாய்வரை கொண்டுபோகத்தான் செய்தான். முடியவில்லை. கடித்தவன்தான் திரும்பி வருவான் என்றால், அவன் கடித்தால் ஜசூர் எப்படி வருவான்? "ஜசூரோட ரொட்டி உங்க வயித்துலதான் இருக்கு. அதனால உங்க கடிதான் செல்லும்," என்றான். அவனுக்கே அது சரியான வாதமாகத் தோன்றியது.

ஹென்ட்ரிக் நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு. சின்ன வாய். ஓரமா, கோணலாக் கடிச்சிருந்துச்சு. ஓடிக்கிட்டே கடிச்ச மாதிரி."

ஜசூர் தேநீர் குடிக்கவே முக்கால் மணி எடுக்கிற பேர்வழி. விமானத்துக்கு நேரமாகியிருக்கும் என்று தவ்ரான் நினைத்துக்கொண்டான்.

"என்னால இனி ஒரு பருக்கைகூட முடியாதுங்க," என்று ஹென்ட்ரிக் முனகினார்.

"விழுங்க வேண்டாம். கடிச்சாப் போதும்."

ஹென்ட்ரிக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். ரொட்டியில் கால் பங்கு காணாமல் போயிற்று. கைவசம் வேறு ரொட்டி இல்லாததால் தவ்ரான் அதையே ஆணியில் மாட்டினான்.

இரண்டு மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். நிகோரா சுடச்சுட ஆறு ரொட்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். தவ்ரான் தலைகளை எண்ணி முடித்து, ஒரு காலைப் படியில் வைத்தான்.

"மாப்பிள்ளை!"

குரல் ஜசூரின் அறையிலிருந்து வந்தது.

தவ்ரான் உள்ளே போனபோது சனோபர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடிபட்ட ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

"இது யாரு பல்லு?"

"அத்தை..."

"இவ்வளவு பெரிய வாய் புகாராவுலயே கிடையாது. யாரு பல்லுன்னு கேக்கறேன்."

எதையாவது சேர்த்துச் சொல்லித் தப்பிக்க அவனால் முடிந்திருக்கும், அதுதானே தொழில். ஆனால் அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பஸ்ஸில் விட்ட கதை, ஹாலந்துக்காரர், டீயில் நனைத்தது, முன்கண்ணாடி, தாலிப், கடைசியில் இந்தக் கடி.

"என்னைத் திட்டுங்க அத்தை. வீட்ட விட்டுப் போகச் சொன்னாலும் போறேன். ஆனா ஜசூருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்? நல்ல பையன் அத்தை அவன்..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனோபர் கையிலிருந்த ரொட்டியை மாடத்தில் வைத்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள். நிகோராவின் துணியைப் பிரித்து, ஆவி பறக்கும் ரொட்டி ஒன்றை எடுத்து வந்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கடிங்க."

"அத்தை, நான் எப்படி..."

"கடிங்கன்னா கடிங்க! அந்தப் பாலைவனத்துல ஒட்டகம் குறுக்க வருமாம், இவரு நின்னு நியாயம் பேசறாரு!"

பயத்தில் கடித்தான். நாக்குச் சுட்டது. மிச்சத்தை அவள் பிடுங்கிக்கொண்டு, ஊதி ஊதி ஆற்றி, துணியில் கட்டி ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு அதன்மேல் கை வைத்து ஏதோ முணுமுணுத்தாள். "அறிவுகெட்ட மனுஷன். போங்க, போய் பஸ்ஸுல ஏறுங்க," என்று அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

வெளியே தாலிப் ஹாரனை அழுத்திப் பிடித்தார். தவ்ரான் ஒன்றும் புரியாமல் வாசலில் நின்ற நிகோராவிடம் குனிந்து, "நான் கடிச்சதப் போய் ஜசூரோட ஆணியில மாட்டறாங்களே, அவன் எப்படி வருவான்?" என்று கேட்டான்.

"ஜசூர் அண்ணன் கடிச்ச ரொட்டி அம்மாவோட பெட்டிக்குள்ள பத்திரமா பூட்டியிருக்கு மச்சான்," என்றாள் நிகோரா. "ஆணியில ரெண்டு வருஷமா தொங்கறது, ஒவ்வொரு தடவையும் நீங்க ஒரு வாய் கடிச்சுப் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடறீங்களே, அந்த ரொட்டி."